பிரேக் மாற்றிய பின் பெடல் தொய்கிறதா? குறையைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய பிரேக் பேட் பூட்டியாகிவிட்டது. சில்லும் இறுக்கியாகிவிட்டது. பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல் உள்ளே போகிறது. இந்த இடத்தில் அநேகமானோர் உடனே சில்லுப் பக்கத்திலுள்ள நிப்பிளை (காற்றையும் ஒயிலையும் வெளியே விடும் சிறு திருகு) திறந்து, பிரேக் ஒயிலில் சிக்கிய காற்றை எடுக்கத் தொடங்குகிறார்கள். ஒரு போத்தல் ஒயில் தீர்கிறது, இரண்டாவதும் பாதியாகிறது, பெடல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் காருக்கும் உறவினர் கார்களுக்கும் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைவேலையில் இல்லை, ஒழுங்கில்தான். காற்று, ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் துண்டு) இடைவெளி, கசிவு, பழுதான மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் பாகம்) எல்லாமே காலுக்கு "தொய்வு" என்றுதான் தெரியும். எது என்று பிரித்தறியாமல் ஸ்பனரை எடுத்தால், இருக்கும் குறையோடு புதிய குறை ஒன்றும் சேரும். பெடல் சரியாகும் வரை கார் முற்றத்தை விட்டு வெளியேறக் கூடாது. அடுத்த சந்தி கராஜ் வரைக்கும்கூட வேண்டாம். கராஜுக்குத்தான் போக வேண்டுமென்றால் ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள்.

1. உங்கள் கார் எந்த வகை?

அக்வா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார் என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிடுங்கள். அவற்றில் பெடலுக்கும் சில்லுக்கும் நடுவே கணினியும் உயர் அழுத்தப் பம்பும் இருக்கின்றன. கதவைத் திறந்தாலே, அல்லது பெடலைத் தொட்டாலே, அந்தப் பம்ப் தானாக விழித்து இயங்கலாம். பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் கழன்று கிடக்கும்போது அப்படி நடந்தால் அதன் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். அவற்றில் காற்று எடுப்பதற்கு அந்தக் காருக்குரிய ஸ்கேனர் வேண்டும்.

ஆல்ட்டோ, சாதாரண விட்ஸ் போன்று முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் உள்ள கார்களை மனதில் வைத்தே இனி வருவதை எழுதுகிறேன். பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஜாக் மட்டும் போதாது. காரைத் தாங்கும் நிலைத்தாங்கி இரண்டாவது வேண்டும், எதிர்ப்பக்கச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். நிப்பிளுக்குப் பொருந்தும் வளைய ஸ்பனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர்), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், ஒரு காலிப் போத்தல், வெள்ளைக் கடதாசிக் கைக்குட்டை, பெடலுக்கு அடியில் வைக்க சுமார் இரண்டு அங்குல மரக்கட்டை, பெடலை மிதிக்க ஓர் ஆள்.

ஒயிலை மூடி திறக்காத புதிய போத்தலாக வாங்குங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்பின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, போன வருடம் திறந்து தட்டில் வைத்த போத்தலை நம்ப முடியாது. டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 140 பாகை வரை இறங்கலாம். டொட் 4 ஒயிலுக்கு இவை 230, 155. ஒயில் தொட்டி மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் ஒயில். அது இவற்றோடு சேராது. டொட் 5.1 வேறு, அது டொட் 4 இனத்தைச் சேர்ந்தது.

இன்னொன்று, பெயின்ட். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருங்கள். சிந்தினால் துடைப்பதோடு விடாமல் கழுவ வேண்டும்.

3. கட்டையை வைத்துப் பெடலைக் குத்தி எழுப்புங்கள்

புதிய பேட் பூட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அது மீண்டும் வந்து பேட்டைத் தொடும் வரை முதல் சில மிதிகள் வெறுமையாகத்தான் போகும். அது குறை இல்லை. இது தெரியாமல் காரை இயக்கி ரிவர்ஸ் எடுத்து மதிலில் இடித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

மரக்கட்டையைப் பெடலுக்கு அடியில் வைத்துவிட்டே மிதியுங்கள். பழைய காரில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள் தினமும் ஒரே தூரத்துக்குள்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் துருவும் படிவும் இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் வளையம் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். பேட் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற நேர்ந்த கதைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

எஞ்சினை இயக்காமல், மெதுவாகப் பதினைந்து இருபது தடவை மிதியுங்கள். பெடல் உயர்ந்து கெட்டியாக நின்றுவிட்டால் ஒயில் அளவைப் பார்த்துவிட்டு நேரே 9 ஆம் பகுதிக்குப் போகலாம்.

4. ஸ்பனரைத் தொடும் முன் மூன்று சோதனைகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். முதல் இரண்டையும் எஞ்சின் நின்றிருக்கும்போது செய்ய வேண்டும், மூன்றாவதில் மட்டும் நடுவில் எஞ்சினை இயக்குவோம். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் உங்கள் காலோடு சேர்ந்து தள்ளுவதால் நல்ல பெடலும் மென்மையாகத் தோன்றும்.

முதலாவது, குத்தும் சோதனை. ஒரு தடவை மிதித்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பிறகு வேகமாக மூன்று நான்கு தடவை மிதியுங்கள். பெடல் மேலே ஏறி வந்தால் முதல் மிதி எங்கோ வீணாகிறது என்று பொருள். ஏறி வந்த பெடலைக் காலால் உணருங்கள். கல்போல் நின்றால் ஷூ அல்லது பேட் இடைவெளி அதிகம். 5 ஆம் பகுதிக்குப் போங்கள். சைக்கிள் டயரை அமுக்குவதுபோல் துள்ளினால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். 6 ஆம் பகுதி.

இரண்டாவது, பிடிக்கும் சோதனை. மிதமான அழுத்தத்தோடு அரை நிமிடம் மிதித்தபடியே இருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஒயில் எங்கோ தப்புகிறது. அப்போது காற்று எடுப்பதில் பயனில்லை. 8 ஆம் பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது, பூஸ்டர் சோதனை. பெடலை மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். கால் சிறிது கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. இந்தச் சிறு இறக்கத்தைப் பார்த்துப் பதறி, நல்லதாக இருந்த பிரேக்கைக் கழற்றியவர்கள் உண்டு.

5. பெடல் தாழ்வு, ஆனால் கெட்டி: இடைவெளிக் குறை

ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயரத்தில் நின்றால், குறை பின் சில்லில். ஹாண்ட் பிரேக் பின் ஷூக்களை டிரம்மோடு சேர்த்துப் பிடித்து இடைவெளியை இல்லாமல் ஆக்கியதால்தான் பெடல் உயர்ந்தது. செலவே இல்லாத இந்தச் சோதனையைப் புதிதாகப் பழகுபவர்கள் யாரும் செய்வதில்லை.

மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதியில் தள்ளும் ஒயில் கொஞ்சம்தான். ஷூ டிரம்மைத் தொடுவதற்கே அதில் பாதி செலவானால், பிரேக் பிடிப்பதற்குப் பெடலில் தூரம் மிஞ்சாது.

சீர்செய்யும்போது முதலில் ஹாண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். அதன் பிறகே உள்ளே இருக்கும் பற்சக்கரத் திருகைச் சுற்றி, டிரம் லேசாக உரசியபடி சுழலும் அளவுக்கு ஷூக்களை விரிக்க வேண்டும். கேபிளைக் கடைசியில் இறுக்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்து, ஷூ இடைவெளியைக் கேபிளை இழுத்து மறைப்பது மிகப் பரவலான பிழை. ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்ப முடியாததால் ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் தானியங்கிச் சீரமைப்பு நின்றுவிடும், சில வாரங்களில் பெடல் மீண்டும் தாழும்.

அந்தத் திருகுகள் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று; மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றி ஒரு தட்டில் போட்டால் மாறிப்போகும். மாறினால் ஒவ்வொரு தடவையும் அது ஷூவை விரிப்பதற்குப் பதிலாகச் சுருக்கும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டே மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் திறக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். டிரம்மின் உள்விட்டத்தையும் அளந்து பாருங்கள். எவ்வளவு வரை தேயலாம் என்பது டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த டிரம்முக்குப் புதிய ஷூ போட்டாலும் பெடல் தாழ்வாகவே இருக்கும்.

பின்பக்கமும் டிஸ்க், ஹாண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் என்றால், அந்தப் பிஸ்டனை நேராக அமுக்கக் கூடாது. சுற்றிச் சுற்றியே உள்ளே செலுத்த வேண்டும். பிஸ்டன் முகத்திலுள்ள வெட்டில் பேட்டின் பின்புறக் குமிழ் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேட் சாய்ந்து நின்று பெடல் துள்ளும்.

6. பெடல் துள்ளுகிறது: காற்று

ஒயில் சுருங்காது, காற்று சுருங்கும். நீங்கள் மிதிக்கும் மிதி பேட்டை அழுத்தாமல் அந்தக் குமிழியை அழுத்துவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

காலிப்பரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் முதலில் குனிந்து நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். என் அக்கா மகன் தன் விட்ஸின் முன் காலிப்பர் இரண்டுக்கும் பெயின்ட் அடித்துப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் காற்று எடுத்தான். மூன்று போத்தல் தீர்ந்தது. "மாமா, குமிழி வருவதே இல்லை, ஆனால் பெடலும் நிற்கவில்லை" என்று அழைத்தான். போய்ப் பார்த்தபோது நிப்பிள் இரண்டும் அடியில் இருந்தன. இடமும் வலமும் மாறியிருந்தன. போல்ட் துளைகள் ஒன்றாகவே இருப்பதால் காலிப்பர் மாறிப் பூட்டினாலும் ஏறிவிடும். காற்றோ மேலே போய்த் தங்கும், அடியில் திறந்த நிப்பிளுக்கு அது வரவே வராது. மாற்றிப் பூட்டி ஒரு தடவை எடுத்ததும் பெடல் நின்றது.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த காலிப்பர் வாங்கும்போதும் கடையிலேயே இதைப் பாருங்கள். பழையதையும் கொண்டுபோய்ப் பிஸ்டன் விட்டத்தை ஒப்பிடுங்கள். பெரிய பிஸ்டனுக்கு அதிக ஒயில் வேண்டும். அதைப் பூட்டினால் எல்லாம் சரியாக இருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும்.

இனிக் காற்று எடுக்கும் முறை. எந்தச் சில்லில் தொடங்குவது என்பதை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள், எல்லாக் கார்களுக்கும் ஒரே வரிசை இல்லை. பொதுவான வழக்கம் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவது. நம் கார்களில் சாரதி வலப்பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் பொதுவாக வலப்பக்கம். ஆகவே பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்று வரும். இடப்பக்கச் சாரதி நாடுகளின் காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே மாறிப்போகிறார்கள்.

குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் போத்தலிலுள்ள புதிய ஒயிலுக்குள் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, "பிடித்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழி வருவதைப் பார்த்து, மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். மூடும் முன் அவர் காலை எடுத்தால் நிப்பிள் மரை வழியாகக் காற்று உள்ளே இழுபடும். வேகமாகக் குத்தி மிதிப்பதும் கூடாது. பெரிய குமிழி நூறு சிறு குமிழியாக உடைந்து ஒயிலோடு கலந்துவிட்டால், அது மீண்டும் சேர்ந்து மேலே வரக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை ஒயில் தொட்டியைப் பாருங்கள். தொட்டி வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலிப்பரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுவது சுவரில் ஒட்டிய குமிழிகளைக் கிளப்பும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்பக்க ஒழுங்கைகளில் நிற்கும் கார்களில் நிப்பிள் உப்புக்காற்றில் துருவேறிப் பற்றியிருக்கும். முதல் நாள் மாலையே துரு தளர்த்தும் எண்ணெய் அடித்துவிடுங்கள். ஆறுமுக வளைய ஸ்பனரால் முதலில் சற்று இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு திறவுங்கள். திறந்த ஸ்பனரால் இழுத்தால் தலை உருண்டுவிடும் அல்லது நிப்பிள் உள்ளேயே முறியும்.

மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியிருந்தால், அல்லது தொட்டி வற்றியிருந்தால், ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அலகுக்குள்ளும் காற்று போயிருக்கலாம். பல கார்களில் அதன் வால்வுகளை ஸ்கேனரால் இயக்கினால்தான் அந்தக் காற்று வெளியேறும். நான்கு சில்லிலும் தெளிந்த ஒயில் வந்தும் பெடல் துள்ளினால் இதை நினையுங்கள்.

7. காற்று இல்லை, இன்னும் துள்ளுகிறது

ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கவ்வி அடைப்பது எனக்குப் பிடித்த சோதனை. வட்டமான தாடையுள்ள ஹோஸ் கவ்வி மட்டுமே பாவிக்க வேண்டும். பல் உள்ள குறடு ஹோஸின் உட்சுவரைக் கிழிக்கும். வெடித்த பழைய ஹோஸையும், கம்பிப் பின்னல் போட்ட ஹோஸையும் கவ்வாதீர்கள்.

எல்லா ஹோஸையும் அடைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். கல்போல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நலம். பிறகு ஒவ்வொரு கவ்வியாக விடுங்கள். எந்தச் சில்லை விட்டதும் பெடல் தாழ்கிறதோ, குறை அங்கே. எல்லாம் அடைத்தும் துள்ளினால் மாஸ்டர் சிலிண்டரிலோ ஏபிஎஸ் அலகிலோ தேடுங்கள். பல மணி நேர ஊகத்தை இது பத்து நிமிடத்தில் முடித்துவைக்கும்.

அந்தச் சில்லில் என்ன பார்ப்பது? பேட் இருக்கையிலுள்ள துரு. பேட்டின் பின்னால் வரும் பழைய மெல்லிய தகட்டின் மேலேயே புதிய தகட்டை வைத்துப் பூட்டியிருப்பது. வளைந்த பேட். காலிப்பர் வழுக்கி நகரும் ஊசி இறுகிப்போயிருப்பது. இவற்றில் எது இருந்தாலும் பேட் டிஸ்க்கில் தட்டையாகப் படியாமல் வில்போல் வளைந்து கொடுக்கும். கழற்றி, கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, பேட் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகும்படி செய்யுங்கள்.

டிஸ்க் மாற்றியிருந்தால், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கும்போதே டிஸ்க்கை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிறு துருத் துணுக்கும் டிஸ்க்கைச் சாய்க்கும். சாய்ந்த டிஸ்க் ஓட ஓடப் பேட்டைப் பின்னால் தட்டிவிடும். நின்றிருக்கும்போது நன்றாக இருக்கும் பெடல், கொஞ்ச தூரம் ஓடியதும் முதல் மிதியில் தாழ்ந்துபோகும். ஹப் பேரிங் ஆடினாலும் இதே அறிகுறிதான், வளைவில் திரும்பிய பின் கூடுதலாகத் தெரியும்.

8. பெடல் மெல்ல இறங்குகிறது: கசிவு

கசிவைக் கண்ணால் தேடாதீர்கள், வெள்ளைக் கடதாசிக் கைக்குட்டையால் தேடுங்கள். நீங்கள் கை வைத்த ஒவ்வொரு மூட்டையும் துடைத்துவிட்டு, ஒருவரை அரை நிமிடம் மிதிக்கச் சொல்லி, மீண்டும் ஒற்றிப் பாருங்கள். ஹோஸைக் காலிப்பரோடு சேர்க்கும் போல்ட்டின் இரு பக்கமும் செப்பு வளையம் உண்டு. பழைய வளையத்தையே மீண்டும் போட்டிருந்தால் அங்கே கசியும்.

டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் நிறைந்திருந்தால் சிலிண்டர் போய்விட்டது. புதிய, தடித்த ஷூ போட்டதும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, பழைய துருப்பகுதியில் ரப்பர் உரசுவதால் இது அடிக்கடி நேர்கிறது. ஒயில் பட்ட ஷூவைக் கழுவிப் பாவிக்க வேண்டாம். இரு பக்கமும் மாற்றுங்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் தொட்டியில் ஒயில் குறைகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்புறத்திலிருந்து ஒயில் பூஸ்டருக்குள் போகிறது. போல்ட் இரண்டைத் தளர்த்திச் சிலிண்டரைச் சற்று முன்னே இழுத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். ஒயிலும் குறையவில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால், ரப்பர் வளையத்தைத் தாண்டி ஒயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. இரண்டுக்கும் மருந்து மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதுதான். ரப்பர் மட்டும் மாற்றும் கிட் மலிவு. ஆனால் சிலிண்டரின் உட்சுவர் கீறியிருந்தால் புதிய ரப்பரும் விரைவில் கிழியும். பிரேக்கில் அந்தச் சேமிப்பை நான் செய்வதில்லை. வாங்கும்போது விட்டம் பழையதோடு பொருந்த வேண்டும். பூட்டும் முன் மேசையில் வைத்து, துளைகளிலிருந்து குழாய்களைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும் வரை தள்ளிக் காற்று எடுங்கள். காரில் சற்றுச் சாய்ந்து நிற்கும் சிலிண்டரின் முன்முனையில் தங்கும் காற்றைப் பின்னர் எடுப்பது மிகச் சிரமம்.

ஒயில் தொட்டி மூடியின் ரப்பர் உப்பியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. தொட்டியில் எஞ்சின் ஒயிலோ ஸ்டீயரிங் ஒயிலோ ஊற்றப்பட்டிருக்கலாம். பாகங்களை மண்ணெண்ணெயால் கழுவிப் பூட்டினாலும் இதே பாதிப்பு வரும். அந்த ஒயில் தொட்ட எல்லா ரப்பரும் மெல்ல ஊறிக் கெடும். காற்று எடுத்துச் சமாளிக்க முடியாது. ரப்பர் உள்ள பாகங்கள் அனைத்தையும் மாற்றி, இரும்புக் குழாய்களைக் கழுவி எடுக்க வேண்டும்.

9. வீதியில் எடுக்கும் முன்னும் பின்னும்

பெடல் கெட்டியான பிறகு கட்டையை எடுங்கள். சில்லு நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். எஞ்சினை இயக்கி மிதித்துப் பாருங்கள். முற்றத்திலேயே நடை வேகத்தில் முன்னும் பின்னும் எடுத்து, ஒரு கை ஹாண்ட் பிரேக்கில் இருக்க, நிறுத்திப் பாருங்கள்.

பிறகு ஞாயிறு அதிகாலையில், ஆளில்லாத சமதள வீதி ஒன்றில். கொழும்பின் காலி வீதி, பேஸ்லைன் வீதி போன்றவற்றில் நெரிசல் நேரத்தில் வேண்டாம். மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாமல். இடையில் கொஞ்சம் ஓடவிட்டு, எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். புதிய பேட் டிஸ்க்கோடு படியும்வரை பெடலில் சிறு மென்மை இருப்பது இயல்பு. இந்த ஓட்டத்தில் அது குறைந்துகொண்டே வர வேண்டும். கூடினால் உடனே திரும்பிவிடுங்கள்.

வீடு வந்ததும் ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் கையை நீட்டி வெப்பத்தை உணருங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம். முன் சில்லுகள் இரண்டும் ஒன்றுபோலச் சுட வேண்டும், பின் இரண்டும் ஒன்றுபோல. ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே பேட் அல்லது ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வேலை செய்த வாரத்திலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்படாதீர்கள். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் எவ்வளவு சூடாகும் என்பதை கொழும்பின் சமதளத்தில் செய்த சோதனை காட்டாது. பழைய ஒயிலை முழுவதும் மாற்றாமல் விட்டிருந்தால் அதிலுள்ள ஈரம் அங்கேதான் கொதித்து ஆவியாகும், பெடல் அங்கேதான் தரைக்குப் போகும்.

மறுநாள் காலை, எஞ்சினை இயக்கும் முன், தொட்டியில் ஒயில் அளவைப் பாருங்கள். சில்லுகளுக்கு அடியில் ஒரு கடதாசியை விரித்து இரவு முழுவதும் விட்டிருந்தால் இன்னும் நல்லது. பெடலை ஒரு தடவை மிதியுங்கள். நேற்று மாலை நின்ற உயரத்திலேயே நின்றால் வேலை முடிந்தது. ஒரு விரல் தாழ்ந்திருந்தாலும் 4 ஆம் பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.